குடலின் இரத்த ஓட்டக் கோளாறுகள்: நோய் நிர்ணயமும் குறியீடும்

ஹைதராபாத் நகரின் மேற்குப் பகுதியில், 1998-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திறந்து வைக்கப்பட்ட சைபர் டவர்ஸ் கட்டடத்தைச் சுற்றி வளர்ந்துள்ள அலுவலகங்களில், மருத்துவக் குறியீட்டாளர் எனப்படும் ஊழியர்கள் ஏராளமானோர் வேலை பார்த்து வருகின்றனர். இவர்களுள் பெரும்பாலோர் உயிரியல், மருந்தியல் போன்ற பாடங்களில் பட்டம் பெற்றவர்கள். அமெரிக்க மருத்துவமனைகளில் டாக்டர்கள் எழுதி வைத்த குறிப்புகளைப் படித்து, அவற்றில் காணும் ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய குறியீட்டை இடுவதே இவர்களது பணி. நோயாளியை இவர்கள் பார்ப்பதில்லை, டாக்டரையும் பார்ப்பதில்லை. எழுதப்பட்ட சொல் ஒன்றே இவர்களுக்கு ஆதாரம். இது வெறும் குமாஸ்தா வேலை என்று கருதுவோர் உண்டு. அக்கருத்து எவ்வளவு தூரம் சரி என்பதைச் சோதித்துப் பார்க்க, நோய் வகைப்பாட்டில் 'கே 55' என்ற எண்ணின்கீழ் அடங்கும் குடலின் இரத்த ஓட்டக் கோளாறுகளைக் காட்டிலும் தகுந்த உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் உடலமைப்பைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். நாம் ஓய்வாக இருக்கும்போது இருதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை ஜீரண உறுப்புகளுக்குச் செல்கிறது. உணவு உட்கொண்டபின் இந்த அளவு மேலும் உயர்கிறது. வயிற்றறையின் பின்புறமாக இறங்கும் பெருந்தமனியிலிருந்து மூன்று கிளைகள் முன்னோக்கிப் புறப்படுகின்றன. முதற் கிளை இரைப்பை, கல்லீரல், மண்ணீரல் ஆகியவற்றுக்குரியது. இரண்டாவதாகிய மேற்குடல் தமனி, சிறுகுடல் ஏறத்தாழ முழுவதையும், பெருங்குடலின் வலப்பாதிக்குச் சற்று அதிகமான பகுதியையும் போஷிக்கிறது. மூன்றாவதாகிய கீழ்க்குடல் தமனி பெருங்குடலின் எஞ்சிய பகுதிக்கு இரத்தம் அளிக்கிறது. குடலைத் தாங்கி நிற்கும் விசிறி போன்ற மடிப்பினூடே இத்தமனிகள் கிளை கிளையாகப் பிரிந்து, வளைவுகளாக ஒன்றோடொன்று இணைந்து செல்கின்றன. ஆகவே சிறு கிளையொன்று அடைபட்டாலும் அண்டைக் கிளைகள் ஈடு செய்துவிடும். ஆனால் மண்ணீரலுக்கு அருகே பெருங்குடல் திரும்பும் வளைவில் இரு தமனிகளின் எல்லைகள் சந்திக்கின்றன. இரண்டு ஏரிகளின் கடைமடை நிலத்தைப் போல, தண்ணீர் குறைந்தால் முதலில் வாடுவது இவ்விடமே.

இரத்த ஓட்டம் தடைப்படும் வழிகள் நான்கு. இருதயத்தில் உறைந்த இரத்தக் கட்டி ஒன்று பிரிந்து வந்து மேற்குடல் தமனியை அடைத்துக்கொள்வது முதலாவது. திடீரென நேரும் கோளாறுகளில் ஏறத்தாழ பாதி இவ்வகையைச் சேர்ந்தது. இருதயத் துடிப்பு ஒழுங்கற்றிருப்போரிடமும், நம் நாட்டில் வாதக் காய்ச்சலால் இருதய வால்வு சுருங்கியோரிடமும் இதனைக் காணலாம். இரண்டாவது, முன்பே கொழுப்புப் படிந்து குறுகிய தமனியில் அவ்விடத்திலேயே இரத்தம் உறைதல். மூன்றாவது, குடலிலிருந்து இரத்தத்தைத் திரும்பக் கொண்டு செல்லும் சிரைகளில் உறைதல் ஏற்படுவது. இது இளம் வயதினரையும் தாக்கக் கூடியது. இரத்தம் எளிதில் உறையும் தன்மை பிறவியிலேயே உள்ளவர்களிடம் காணப்படும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கோவிட் நோய் பரவியபோது குடலின் இரத்தக் குழாய்களில் உறைதல் ஏற்பட்டதாகப் பல நாட்டு மருத்துவர்கள் எழுதியுள்ளனர். நான்காவது வகையில் அடைப்பு எதுவுமே இராது. கடும் அதிர்ச்சி நிலையிலோ, இருதய பலவீனத்திலோ இரத்த அழுத்தம் தாழ்ந்து, குடலின் தமனிகள் தாமே சுருங்கிவிடும்.

இந்நோயின் கொடுமை அதன் தோற்றத்தில் உள்ளது. நோயாளி வலி தாங்காது துடிக்கிறார். ஆனால் வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் மென்மையாகவே இருக்கிறது. வலி மிகுதி, வெளிக்குறி சொற்பம் என்ற இந்த முரண்பாடே டாக்டரை எச்சரிக்க வேண்டிய அடையாளம். நடைமுறையில் அதுவே அவரை ஏமாற்றிவிடுகிறது. 'வாயு' என்று சொல்லி ஊசி போட்டு அனுப்பப்படும் நோயாளிகளுள் இத்தகையோரும் கலந்திருப்பர். தமனி முற்றிலும் அடைபட்டால், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் குடற்சுவர் மீளமுடியாத சேதம் அடைகிறது. வயிறு கல்லைப் போல் இறுகும் வேளையில் குடல் அழுகத் தொடங்கியிருக்கும். சாதாரண எக்ஸ்ரே படம் இதனை ஆரம்பத்தில் காட்டுவதில்லை. சாயத்தை இரத்தத்தில் செலுத்தி எடுக்கப்படும் சி.டி. தமனிப் படமே நம்பத் தக்கது. நவீன சிகிச்சை இருந்தும், திடீர்க் குடல் இரத்தத் தடையால் பாதிக்கப்படுவோரில் பாதிப் பேரோ, அதற்கு மேலோ உயிரிழக்கின்றனர். பிழைத்தவர்களிலும் சிறுகுடலின் பெரும்பகுதி வெட்டி நீக்கப்பட்டவர்கள் எஞ்சிய குடலால் போஷாக்குப் பெற இயலாமல் நெடுங்காலம் துன்புறுவதுண்டு.

நாட்பட்ட வகை வேறு. உணவு உண்ட சிறிது நேரத்தில் வயிறு வலிக்கத் தொடங்கும். ஆகவே நோயாளி சோற்றைக் கண்டாலே அஞ்சுவார். உடல் மெலிந்துகொண்டே போகும். அவரைப் புற்றுநோய் என்று சந்தேகித்துப் பல பரிசோதனைகள் செய்வதும் வழக்கமாக நடப்பதே.

இனிக் குறியீட்டுக்கு வருவோம். நோய்களுக்கும் இறப்பின் காரணங்களுக்கும் உலகெங்கும் ஒரே அட்டவணை வேண்டும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்தது. பிரெஞ்சு நாட்டுப் புள்ளிவிவர நிபுணர் ஜாக் பெர்ட்டியோன் வகுத்த அட்டவணை 1893-ஆம் ஆண்டு சிகாகோ நகரில் கூடிய சர்வதேசப் புள்ளிவிவரக் கழகத்தில் ஏற்கப்பட்டது. 1948-ஆம் ஆண்டு ஆறாம் திருத்தத்திலிருந்து உலக சுகாதார ஸ்தாபனம் இப்பொறுப்பை ஏற்று, இறப்புடன் நோய்களையும் அதில் சேர்த்தது. 1990-இல் பத்தாம் திருத்தம் அங்கீகரிக்கப்பட்டது. பதினோராம் திருத்தம் 2022-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்துள்ளதாயினும், நமது மருத்துவமனைகளும் பதிவு அலுவலகங்களும் பழகியுள்ளது பத்தாம் திருத்தமே. ஆகவே இங்கே கூறுவன அதனைத் தழுவியவை.

அதில் 'கே' என்ற எழுத்து ஜீரண உறுப்புகளின் நோய்களைக் குறிக்கும். கே 55 குடலின் இரத்தக் குழாய்க் கோளாறுகள். கே 55.0 என்பது திடீரென நேரும் வகை: தமனியிலோ சிரையிலோ ஏற்படும் அடைப்பு, உறைதல், குடல் மடிதல் யாவும் இதனுள் அடங்கும். கே 55.1 நாட்பட்ட வகை. கே 55.2 பெருங்குடற் சுவரில் சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் கசியும் நிலை. கே 55.9 என்பது இன்ன வகை என்று குறிப்பிடப்படாதது. இந்தக் கடைசி எண்தான் குறியீட்டாளரின் மனச்சாட்சியைச் சோதிப்பது. டாக்டர் 'இரத்தக் குறைவால் பெருங்குடல் அழற்சி' என்று மட்டும் எழுதி, திடீரென வந்ததா நாட்பட்டதா என்பதைக் கூறாமல் விட்டால், குறியீட்டாளர் 9 என்ற இலக்கத்தைத் தவிர வேறெதையும் இட இயலாது. நோயாளி அவசரப் பிரிவுக்கு வந்தவர், ஆகவே திடீர் வகையாகத்தான் இருக்கும் என்று ஊகிப்பது விதிக்கு விரோதமாகும்.

குடல் அழுகிய எல்லா நோயாளிகளும் கே 55-இல் சேர்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். குடலிறக்கத்தில் சிக்கிக் குடல் அழுகினால், அது குடலிறக்கத்துக்குரிய கே 40 முதல் கே 46 வரையுள்ள எண்களில் ஒன்றைப் பெறும். குடல் முறுக்கிக்கொண்டு அழுகினால் கே 56.2. பச்சிளங் குழந்தைகளுக்கு வரும் குடல் நசிவு பி 77. மூன்றிலும் கண்ணுக்குத் தெரிவது கறுத்துப்போன குடல்தான். ஆனால் குடலிறக்கத்தை வேளையோடு ரண சிகிச்சை செய்து சரிப்படுத்தினால் தடுக்கக் கூடிய இறப்பு வேறு. இருதயத்திலிருந்து கட்டி வந்து அடைத்ததால் நேர்ந்த இறப்பு வேறு. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால் எந்தக் கிராமத்துக்கு ரண சிகிச்சை நிபுணர் வேண்டும், எங்கே இருதயப் பரிசோதனை வேண்டும் என்று கணக்கிட வழியில்லை.

அமெரிக்க நாட்டார் தமது உபயோகத்துக்காக இந்த எண்களை மேலும் பகுத்துள்ளனர். 2016-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அங்கே கே 55.0 என்று எழுதினால் போதாது. சிறுகுடலா பெருங்குடலா, மீளக்கூடிய இரத்தக் குறைவா அல்லது திசு மடிந்துவிட்டதா, ஒரு துண்டு மட்டுமா அல்லது பரவலாகவா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை தேவை. சிறுகுடலின் ஒரு துண்டில் மீளக்கூடிய குறைவு கே 55.011, அதுவே பரவலாக இருந்தால் கே 55.012. எந்தப் பகுதி, எவ்வளவு தூரம் என்று எழுதப்படாதிருந்தால் கே 55.059. ஹைதராபாத்தில் அமர்ந்துள்ள ஊழியர் சி.டி. படத்தின் அறிக்கையில் 'சிறுகுடலின் நடுப்பகுதி' என்ற சொற்களைக் கண்டாலும், திசு மடிந்துவிட்டது என்று தாமே முடிவு செய்துவிட முடியாது. நோய் நிர்ணயம் டாக்டருடைய உரிமை. ஊழியர் அவருக்கு ஒரு வினாச் சீட்டு அனுப்ப வேண்டும். அந்தச் சீட்டிலும், 'குடல் மடிந்துவிட்டது என்று எழுதலாமா?' என்று விடையைத் தாமே ஊட்டும் கேள்வி கூடாது. நோயாளியின் குறிப்பிலுள்ள சான்றுகளை எடுத்துக் காட்டி, டாக்டரின் கருத்தைக் கேட்கலாம், அவ்வளவே. குறியீடு உயர்ந்தால் கட்டணமும் உயரும் என்பதால் இக்கட்டுப்பாடு அவசியமாகிறது. ஒரு நாட்டின் டாக்டர் எழுதாமல் விட்ட ஒரு சொல்லை, பாதி உலகத்துக்கு அப்பால் இன்னொரு நாட்டவர் இரவில் விழித்திருந்து கேட்டு வாங்குகிறார் என்பது நம் காலத்து விசித்திரங்களில் ஒன்று.

கட்டணத்துக்காக அவ்வளவு நுணுக்கம் பார்க்கும் உலகம், இறப்பைப் பதியும்போது அதில் பாதியாவது பார்க்கிறதா என்றால் இல்லை என்றே கூற வேண்டும். நம் நாட்டில் 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி இறப்புக் காரணத்துக்கு மருத்துவச் சான்று அளிக்கப்படுகிறது. மருத்துவமனையில் நேர்ந்த இறப்புக்கு 4-ஆம் படிவம். வெளியே நேர்ந்ததற்கு 4-அ படிவம். 2020-ஆம் ஆண்டு பதிவான இறப்புகளில் இவ்வாறு மருத்துவச் சான்று பெற்றவை நூற்றுக்கு 22.5 என்று இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகத்தின் அறிக்கை கூறுகிறது.

படிவத்தின் முதற் பகுதியில் காரணங்களை ஒரு சங்கிலியாக எழுத வேண்டும். மேல் வரியில் இறப்புக்கு நேரடியாக இட்டுச் சென்ற நிலை. அதன் கீழ் அதற்குக் காரணமானது. அதற்கும் கீழே எல்லாவற்றையும் தொடங்கி வைத்த மூல நோய். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எவ்வளவு காலம் இருந்தது என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில், சங்கிலியில் சேராத, ஆனால் இறப்புக்குத் துணை செய்த நோய்களை எழுதலாம். உதாரணமாக, நாற்பது வயதுள்ள ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். சிறு வயதில் வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வு சுருங்கியவர். இருதயத்தில் உருவான கட்டி மேற்குடல் தமனியை அடைத்து, சிறுகுடல் அழுகி, நச்சு இரத்தத்தில் பரவி மூன்றாம் நாள் இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர் 'இருதயம் நின்றது' என்று மட்டும் எழுதினால் அவ்விறப்பு ஐ 46.9 என்ற எண்ணைப் பெறும். 'இரத்தத்தில் நச்சுப் பரவல்' என்று எழுதினால் ஏ 41.9. 'குடல் அழுகல்' என்றால் கே 55.0. சங்கிலி முழுவதையும் எழுதினால், மூலக் காரணமாகத் தேர்ந்தெடுக்கப்படுவது ஐ 05.0, அதாவது வாதக் காய்ச்சலால் விளைந்த வால்வுச் சுருக்கம். இறந்தவர் ஒருவர், காரணம் ஒன்று, எழுதிய கைக்குத் தக்கபடி எண் நான்கு.

இவற்றுள் முதல் இரண்டினாலும் எவருக்கும் எந்தப் பயனும் இல்லை. இருதயம் நிற்காமல் இறப்பவர் யார்? இத்தகைய எண்களைப் புள்ளிவிவர அறிஞர்கள் குப்பைக் குறியீடு என்றே அழைக்கின்றனர். மூன்றாவது ஓரளவு உண்மையைச் சொல்கிறது. நான்காவது ஒன்றுதான் அந்தப் பெண்மணி சிறுமியாய்ப் பள்ளிக்குச் சென்ற நாட்களுக்கு நம்மை அழைத்துச் செல்கிறது. வாதக் காய்ச்சல் தொடங்குவது பெரும்பாலும் ஐந்து வயதுக்கும் பதினைந்து வயதுக்கும் இடையில், ஒருவகைக் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து. அப்புண்ணுக்குப் பென்சிலின் கொடுத்தால் காய்ச்சலைத் தடுக்கலாம். காய்ச்சல் ஒருமுறை வந்துவிட்டாலும், மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை நீடித்த பென்சிலின் ஊசி போட்டு வந்தால் அது திரும்பி வந்து வால்வை மேலும் கெடுப்பதைத் தடுக்கலாம். தொண்டை வலியும் மூட்டு வீக்கமுமாக வகுப்புக்கு வராத குழந்தையைப் பற்றி முதலில் அறிபவர் ஆசிரியர். அவர் பகுதியில் வாதக் காய்ச்சல் உண்டா என்பதைச் சுகாதார இலாகா அறிய வேண்டுமானால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் எழுதப்படும் இறப்புச் சான்றில் அந்தக் கடைசி வரி நிரப்பப்பட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு குறையும் உண்டு. மூலக் காரணம் ஒன்றையே எண்ணும் அட்டவணைகளில் குடல் இரத்தத் தடை மறைந்து போகிறது. சான்றிலுள்ள எல்லா வரிகளையும் எண்ணும் அட்டவணையைத் தயாரித்தாலன்றி இந்நோயின் உண்மையான அளவு வெளிப்படாது.

காரணங்களை வரிசைப்படுத்துவதில் உள்ள சிக்கலை ஹைதராபாத் முன்பே ஒருமுறை உலகறியக் கண்டிருக்கிறது. குளோரோபாரம் கொடுக்கப்பட்ட நோயாளி இறந்தால் முதலில் நிற்பது மூச்சா இருதயமா என்ற சர்ச்சையைத் தீர்க்க, இங்குள்ள மருத்துவப் பள்ளியின் தலைவர் எட்வர்ட் லாரியின் முயற்சியால் 1888-இலும் 1889-இலும் இரு கமிஷன்கள் அமைந்தன. இரண்டாவதற்கு லண்டன் 'லான்செட்' பத்திரிகை லாடர் பிரன்டன் என்ற நிபுணரை அனுப்பியது. செலவை நிஜாம் ஏற்றார். பிராணிகளில் நூற்றுக்கணக்கான சோதனைகள் நடத்தி, மூச்சே முதலில் நிற்கிறது என்று முடிவு செய்தனர். ஆனால் குளோரோபாரம் இருதயத்தையே தாக்கித் திடீரென நிறுத்தக் கூடும் என்பதை 1911-ஆம் ஆண்டு லெவி என்ற ஆராய்ச்சியாளர் நிரூபித்தார். எந்த நிகழ்ச்சி முந்தியது என்பதைத் தவறாக எழுதியதால், மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்று மருத்துவர்கள் இடைப்பட்ட காலத்தில் நம்ப நேர்ந்தது.

மருத்துவச் சான்றே இல்லாத இறப்புகளைப் பற்றிக் கள ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டிய முறை ஒன்று உண்டு. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கீழ், டாக்டர் அல்லாத ஊழியர் வீட்டாரைச் சந்தித்து, இறந்தவரின் கடைசி நோயைப் பற்றிக் கேட்டு எழுதுகிறார். 'வாய்மொழிப் பிரேத விசாரணை' என்று இதனை மொழிபெயர்க்கலாம். சொல் கர்ண கடூரமாக இருப்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டார் கூறுவது அவர்களது தாய்மொழியிலேயே எழுதப்பட்டு, அம்மொழி அறிந்த இரு டாக்டர்களால் தனித்தனியே படிக்கப்பட்டுக் குறியிடப்படுகிறது. தமிழ் வீடுகளில் 'குடல் அழுகிவிட்டதாகப் பெரியாஸ்பத்திரியில் சொன்னார்கள்' என்றோ, 'குடலேற்றம்' என்றோ, 'வாயு அடைத்துவிட்டது' என்றோ கூறுவர். அச்சொல்லை அப்படியே எழுத வேண்டும். அதைத் திருத்தி மருத்துவச் சொல்லாக்குவது தவறு. பின்னர்ச் சில கேள்விகள் கேட்கலாம். வலி ஒரே நொடியில் வந்ததா, மெள்ள ஏறியதா? மலத்தில் இரத்தம் போயிற்றா? அரையிலோ தொப்புளிலோ முன்பே வீக்கம் இருந்ததா? இருதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டு வந்தாரா? படபடப்பு உண்டா? முன்பு கை, கால் விழுந்ததுண்டா? வீக்கம் இருந்தது என்ற ஒரு விடை, அவ்விறப்பைக் கே 55-இலிருந்து கே 46-க்கு மாற்றிவிடக் கூடும்.

நோயாளி உயிரோடிருக்கும்போது எழுதப்படும் அனுப்புச் சீட்டுக்கும் இது பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து 'வயிற்று வலி' என்று மட்டும் எழுதி அனுப்பப்பட்ட சீட்டு, ஆர் 10.4 என்ற எண்ணுக்கு மேல் தகுதி பெறாது. பெரிய மருத்துவமனையில் அவசரப் பிரிவின் டாக்டருக்கும் அது எதையும் தெரிவிப்பதில்லை. வலி தொடங்கிய மணி, நாடி ஒழுங்காக உள்ளதா இல்லையா, வயிறு மென்மையா இறுகியதா, வலிக்கு ஊசி எப்போது போடப்பட்டது என்ற நான்கையும் எழுத இரண்டு நிமிஷம் போதும். ஆறு மணி நேரமே தவணையுள்ள நோயில், 'காலை 4 மணி. நாடி ஒழுங்கற்றது' என்ற இரண்டு குறிப்புகள் சி.டி. அறைக்கு நேரே அனுப்பும் உத்தரவுக்குச் சமானம்.

காப்பீட்டு விஷயத்திலும் சொல்லின் விலை தெரியும். காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையத்தின் தலைமை அலுவலகம் ஹைதராபாத்திலேயே உள்ளது. 2013-ஆம் ஆண்டு ஆணையம் வகுத்த பொதுக் கோரிக்கைப் படிவத்தில், மருத்துவமனை நிரப்ப வேண்டிய பகுதியில் முதன்மை நோய்க்கும் உடன்நோய்களுக்கும் பத்தாம் திருத்தக் குறியீடு கேட்கப்பட்டது. நோயின் எண் ஒன்று, செய்த ரண சிகிச்சை வேறொன்று என்று முரண்பட்டால் கோரிக்கை திரும்பி வரும். சிறுகுடலின் பெரும்பகுதி அகற்றப்பட்டவரின் படிவத்தில் 'வயிற்று வலி' என்ற எண் இருந்தால், பணம் அளிப்பவர் சந்தேகிப்பது இயல்பே. அலைச்சல் முழுவதும் குடும்பத்தாருக்கு.

1969-ஆம் ஆண்டுச் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் அமலில் உள்ளது. அதன்படி, மருத்துவமனை இறப்புக் காரணச் சான்றைக் கட்டணமின்றிப் பதிவாளருக்கு அனுப்புவதுடன், அதன் பிரதியை நெருங்கிய உறவினருக்கும் அளிக்க வேண்டும். ஆகவே வீட்டுக்குச் செல்லும் கள ஊழியர் அந்தப் பிரதியைக் கேட்டுப் பார்க்கலாம். அதன் முதல் வரியில் 'இருதயம் நின்றது' என்று மட்டும் இருந்து, மருத்துவமனையின் பழைய சீட்டுகளில் குடலைப் பற்றியோ, வால்வைப் பற்றியோ குறிப்பு இருக்குமாயின், அச்சீட்டுகளில் கண்ட சொற்களையும் தேதிகளையும் தமது விசாரணைத் தாளில் உள்ளபடியே பெயர்த்து எழுதிச் சேர்க்க வேண்டும்.